சேவலின் இரைப்பை யாருக்கு?

கையில் இருக்கும் தேநீரைச் சற்றே கீழே வையுங்கள். ஒரு களவு நடந்திருக்கிறது; சாட்சிக்கு ஆள் வேண்டும். களவு போனது பொன்னும் அல்ல, பொருளும் அல்ல. ஒரு வாக்கியம். "உனக்கு வேலை போய்விட்டது" என்னும் மூன்று சொல் வாக்கியம். நம் நைரோபி நகரத்தில், பட்டப்பகலில், ங்கோங் சாலையின் கண்ணாடி மாளிகையொன்றின் ஏழாம் மாடியில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கண்ணியவான்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். பிறர் வேலையைப் பறிப்பவனை உலகம் முன்பே கண்டிருக்கிறது. வேலையைப் பறித்துவிட்டு, பறித்தேன் என்ற சொல்லையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு, பறிகொடுத்தவள் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்துப் புகைப்படமும் எடுத்துக்கொள்பவனை நம் காலம்தான் கண்டது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் யானும் ஒருவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

அந்த நிறுவனத்தின் பெயர் கிஜானி. சுவாகிலி மொழியில் பச்சை என்று பொருள். நம் நகரத்தில் எந்தக் குடியிருப்பின் வாசலிலும் கீரைக்கார அம்மா ஒருவர் அமர்ந்திருப்பார் அல்லவா? வாசலுக்கு வெளியே இருக்கும் அவரிடமிருந்து வாசலுக்கு உள்ளே இருக்கும் உங்களிடம் ஒரு கட்டுச் சுக்குமாக் கீரையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக இருநூறு பொறியாளர்கள், ஒரு செயற்கைக்கோள், ஒரு கைப்பேசிச் செயலி, ஒரு மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை ஒன்றிணைத்த தொழில்நுட்பப் புரட்சிக்குத்தான் கிஜானி என்று பெயர். கடல் கடந்த முதலீட்டாளர்கள் இதைக் கேட்டுக் கண்கலங்கிப் பணம் பொழிந்தார்கள். பிறகு ஒருநாள் அவர்களில் ஒருவர் நைரோபிக்கு வந்து அந்த வாசலை நேரில் பார்த்தார். பொழிவு நின்றது.

ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆனால் கிஜானி அன்பின் நிறுவனம். அன்பின் நிறுவனம் ஆளைக் குறைக்காது. ஆகவே முதல் முறை குறைத்தபோது அதற்கு 'அறுவடை' என்று பெயரிட்டார்கள். அறுவடையானவர்கள் கூடி நின்று, அறுத்தவன் யார் என்று கேட்டுவிட்டார்கள். பெயர் சரியில்லை என்று முடிவாயிற்று. இரண்டாம் முறை, 'இலையுதிர் காலம்' என்றார்கள். நைரோபியில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லாத காரணத்தால், அழைப்புப் பெற்றவர்கள் அதைச் சுற்றுலா என்று கருதிப் பெட்டி படுக்கையோடு வந்து வாசலில் நின்றார்கள். மூன்றாம் முறைக்கு, பெயர் சூட்டுவதற்கென்றே வெளியிலிருந்து அறிஞர்களை அழைத்தார்கள். அறிஞர்கள் ஆறு வாரம் ஆராய்ந்து ஒரு பெயரைக் கண்டெடுத்தார்கள்: பட்டமளிப்பு விழா. பட்டமளிப்பு விழாவில் எவரேனும் அழுதால் என்ன நினைப்போம்? ஆனந்தக் கண்ணீர் என்று நினைப்போம். புகைப்படத்தில் எல்லாக் கண்ணீரும் ஒரே நிறம்தான்.

இந்தச் சூழ்நிலையில்தான் நெக்கேசாவுக்குக் கடிதம் வந்தது.

நெக்கேசா மேற்கே புங்கோமாப் பக்கத்துப் பெண். கீரைக்கட்டின் புகைப்படத்தைப் பார்த்து அது வாடியதா வாடாததா என்று கணினி அறியும்படி நிரல் எழுதுவது அவளுடைய பணி. கடிதம் சொல்லியது: "அன்பு நெக்கேசா, கிஜானியிலிருந்து பட்டம் பெற நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விழா. அங்கியும் தொப்பியும் வழங்கப்படும். குடும்பத்தினருடன் வருக." கடைசி வரி அங்கி வாடகைக் கடைக்காரருடைய மாதிரி அழைப்பிதழிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நீக்க வேண்டியவரைச் சென்ற மாதமே நீக்கியிருந்தார்கள்.

அவள் கையில் இன்னொரு கடிதமும் இருந்தது. அது ஊரில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்தது. கணினி ஆசிரியர் பணி, நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு, சம்பளம் கிஜானி தருவதில் பாதி. வருகிறாயா இல்லையா என்பதை அதே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். தம்பி, தங்கை இருவருடைய பள்ளிக் கட்டணமும் அவள் தலையில். கிஜானியில் வேலை இருக்குமானால் பாதிச் சம்பளத்துக்குப் போவது மடமை. கிஜானியில் வேலை இல்லையென்றால் போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய மடமை. தானாக விலகினால் வெறுங்கை. அவர்களாக அனுப்பினால் மூன்று மாதச் சம்பளம். ஆக, அவளுக்குத் தேவைப்பட்டது அறிவுரை அல்ல, ஆறுதல் அல்ல. உண்டு அல்லது இல்லை என்னும் ஒரே ஒரு சொல்.

முதலில் பக்கத்து நாற்காலிக்காரனைக் கேட்டாள். அவன் பெயர் ஓடுவோர். லூவோ மக்களிடையே நள்ளிரவில் பிறந்தவனுக்கு இடும் பெயர் அது; ஓட்டத்துக்கும் அவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நான்காண்டுகளாக நாற்காலியை விட்டு எழுந்தவனல்லன்.

"ஓடுவோர், பட்டம்னா என்ன அர்த்தம்னு நினைக்கற?"

அவன் கடிதத்தை இருமுறை படித்தான். முகம் கறுத்தது. "எனக்கு வரலையே."

"அதில்ல. இது நல்லதா கெட்டதா?"

"கெட்டதுக்கு எவன் தொப்பி குடுப்பான்? பதவி உயர்வும்மா இது. நீயும் நானும் ஒரே நாள்ல சேந்தோம். உனக்குத் தொப்பி, எனக்குப் பட்டை நாமம். நல்லா இருக்குல்ல நியாயம்?"

அன்று பிற்பகலே ஓடுவோர் நாற்காலியை விட்டு எழுந்தான். பட்டத்துக்குத் தன்னைப் புறக்கணித்தது அநீதி என்று நான்கு பக்க முறையீடு எழுதினான். மூன்று மேலாளர்களிடம் பரிந்துரை கேட்டான். தத்தம் பிரிவிலிருந்து யாரை அனுப்புவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மேலாளர்கள் மூவரும் அவனைத் தழுவிக்கொண்டு கையெழுத்திட்டார்கள். மறுநாள் அவனுக்கும் கடிதம் வந்தது. அதில் 'சிறப்புத் தேர்ச்சி' என்று கூடுதலாக ஒரு வரி இருந்தது. ஓடுவோர் அதைச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்தான்.

நெக்கேசா காத்தோனி அம்மையாரிடம் போனாள். வேறு நிறுவனங்களில் பணியாளர் துறை என்று ஒன்று இருக்கும். கிஜானியில் அது உள்ளத் துறை. அம்மையார் அதன் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில், முக்காலியில், கையில் ஒரு சிறு வெண்கல மணியுடன் பராசா என்பவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பதவி நல்மொழிக் காவலர். நிறுவனத்துக்குள் எவரேனும் மனம் புண்படும் சொல்லைப் பயன்படுத்தினால் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் பணி. அவருக்கு உதவியாளர் ஒருவர் உண்டு.

"மேடம், ஒரே ஒரு கேள்வி," என்றாள் நெக்கேசா. "திங்கக்கிழமை நான் வேலைக்கு வரணுமா?"

"உக்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. இந்தக் கேள்வியக் கேக்கறப்ப உங்க உடம்புல எங்க இறுக்கமா இருக்கு?"

"வயித்துல."

"அருமை. வயித்தோட பேசிப் பாத்தீங்களா?"

"அதுதான் மேடம் என்னை இங்க அனுப்பிச்சுது."

அம்மையார் கனிவுடன் எதையோ குறித்துக்கொண்டார். நெக்கேசா நேராகவே கேட்டாள்: "பட்டம்னா சீட்டுக் கிழிஞ்சுதுன்னு அர்த்தமா?"

மணி அடித்தது.

"சீட்டுன்னு சொல்லக் கூடாதும்மா," என்றார் பராசா, மன்னிப்புக் கேட்கும் குரலில். "கிழியறதும் கூடாது."

"சரி. வேலை போயிடுச்சா?"

மணி.

"வேலைன்னு தனியாச் சொல்லலாம். போறதுன்னு தனியாச் சொல்லலாம். ரெண்டையும் ஒண்ணாச் சேக்கக் கூடாது. அதுதான் விதி."

"அப்ப இப்ப 'வேலை'ன்னு சொல்லிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து 'போச்சா'ன்னு கேட்டா?"

பராசா மேற்கூரையைப் பார்த்து யோசித்தார். "டீ பெரிய கிளாஸா இருந்தா அடிக்க மாட்டேன்."

"நெக்கேசா," என்று இடைமறித்தார் காத்தோனி. "நீங்க திங்கக்கிழமைய ஒரு நாளாப் பாக்கறீங்க. அதுதான் பிரச்சினை. திங்கக்கிழமைங்கறது ஒரு மனநிலை."

"அந்த மனநிலைக்குச் சம்பளம் வருமா மேடம்?"

மணி இம்முறை நெடுநேரம் அடித்தது.

வியாழக்கிழமை காலை அவளுடைய அடையாள அட்டைக்கு ஏழாம் மாடிக் கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பதறிப்போய் உள்ளத் துறைக்குத் தொலைபேசினாள். காத்தோனி அம்மையாரின் குரலில் சிறிதும் கலக்கமில்லை: "பயப்படாதீங்க. கதவு சொல்றது கதவோட சொந்தக் கருத்து. நிறுவனத்தோட கருத்து இல்ல." ஓடுவோருடைய அட்டைக்கும் சிவப்பு விளக்குத்தான். அவன் பூரித்துப்போனான். "பதவி உயர்வுன்னா புது அட்டை தருவாங்க. பழசு செத்தாத்தானே புதுசு பொறக்கும்?"

அன்று உணவு இடைவேளையில், வேறு வழியறியாமல், ஊரில் இருக்கும் அத்தைக்குப் பேசினாள். அத்தை நாலியாக்கா புங்கோமாச் சந்தையில் தக்காளி விற்பவர். சந்தையின் ஒரு முனையில் அவர் கூவினால் மறுமுனையில் இருப்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். குடும்பத்தில் பெரியவர் அவர்தாம்.

"அத்தை, ஆபீஸ்ல ஏதோ பட்டம்னு எழுதியிருக்காங்க. என்னன்னே புரியல."

"புரியாமத்தான்டி பட்டம் வாங்கணும். புரிஞ்சவன் எவன் வாங்கியிருக்கான்?"

"அது இல்ல அத்தை. அந்தக் காலேஜ் வேலைக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். இங்க திங்கக்கிழமை வரச் சொல்றாங்களா இல்லையான்னு தெரியல. எனக்கு அழுகையா வருது."

"பட்டம் வாங்கறப்ப அழுகை வரத்தான் செய்யும். குடும்பத்தக் கூப்பிட்டிருக்காங்களா?"

"வரலாம்னு போட்டிருக்கு."

"எத்தனை பேருன்னு போட்டிருக்கா?"

"போடல."

"போடலன்னா எல்லாரும்," என்று சொல்லி அத்தை போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். ங்கோங் சாலையில், ஒலிபெருக்கி கட்டிய மட்டாட்டுச் சிற்றுந்து ஒன்று பாட்டை அலறவிட்டபடி வந்து கிஜானியின் வாசலில் நின்றது. அதிலிருந்து அத்தை நாலியாக்கா இறங்கினார். பின்னால் சித்தப்பாக்கள், சின்னம்மாக்கள், தேவாலயப் பாட்டுக்குழு, ஒரு தலைமையாசிரியர், வழியில் ஏறிக்கொண்டு இறங்க மனமில்லாமல் வந்த பயணி ஒருவர் எனப் பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் பளபளக்கும் ஜிகினா மாலை. அத்தையின் கக்கத்தில் ஒரு சேவல், செந்நிறம், கொண்டை கிரீடம்போல் நின்றது.

வரவேற்பு மேசைப் பெண் திகைத்தாள். ஆயினும் விதி இருந்தது. உள்ளே நுழையும் ஒவ்வோர் உயிரும் கணினிப் பலகையில் பெயரைப் பதிந்து, நிறுவனத்தின் இரகசியங்களை வெளியே சொல்வதில்லை என்று உறுதிமொழி ஏற்க வேண்டும்.

"அம்மா, சேவலோட பேரு?"

"சேவலுக்கு என்னடி பேரு? சேவல்."

'சேவல்' என்று பதிந்தாள். வந்த நோக்கம்: கொண்டாட்டம். இரகசியம் காக்க ஒப்புதல்: சேவலின் கால் மையில் தோய்த்துப் பதிக்கப்பட்டது. சேவலின் கழுத்தில் பார்வையாளர் அட்டை தொங்கிற்று. கதவில் காட்டினார்கள்; பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் நெக்கேசாவின் அட்டைக்குச் சிவப்பு. நான்காண்டு உழைத்த பெண், சேவலுக்குப் பின்னால், சேவலின் தயவில் உள்ளே நுழைந்தாள். இதை யான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மிகைப்படுத்த அவர்கள் எனக்கு இடம் வைக்கவில்லை.

மேடை. பூத்தோரணம். கறுப்பு அங்கியும் நாற்கோணத் தொப்பியும் அணிந்த நாற்பது பேர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியில், சிறப்புத் தேர்ச்சி பெற்ற ஓடுவோர், நெஞ்சை நிமிர்த்தி. பேச வந்தவர் நிறுவனர் முகாம்பி. முகாம்பி என்றால் மேரு மொழியில் எடுத்துரைப்பவர் என்று பொருள். எடுத்துரைத்தார்.

"என் அன்புக் குடும்பமே! இன்று இந்த அறையில் மிக அதிகமாக வேதனைப்படுபவன் நான்தான். சென்ற ஆண்டுகளில் நான் ஒரு பெருந்தவறு செய்துவிட்டேன். உங்களை வேலைக்கு எடுத்தேன்."

அத்தை நாலியாக்கா குலவையிட்டார். பதினெட்டுப் பேரும் சேர்ந்து குலவையிட்டார்கள். சேவல் கூவிற்று.

"அந்தத் தவறுக்கு முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன். இவ்வளவு துணிவோடு பொறுப்பேற்கும் ஒருவரை இழந்துவிடக் கூடாது என்று நிர்வாகக் குழு என் ஒப்பந்தத்தை ஐந்தாண்டு நீட்டித்திருக்கிறது. தவறு செய்தவன் நான், திருத்தப்படுபவர்கள் நீங்கள். ஒரு குடும்பத்துக்குள் இதைவிட நேர்மையான பாகப்பிரிவினை இருக்க முடியுமா?"

குலவை. சேவல்.

"இந்த முடிவை எடுத்தது யார் என்று சிலர் கேட்கலாம். எவரும் எடுக்கவில்லை. முடிவு தானே வந்தது. நாங்கள் கதவைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான். கிஜானியில் தலைவன் என்று எவனும் இல்லை, தொண்டன் என்று எவனும் இல்லை. நாங்கள் தட்டையான நிறுவனம். சப்பாத்தியைப்போல் தட்டை. நீங்கள் இன்று வெளியேறவில்லை. வெளியை நோக்கி விரிகிறீர்கள். நீங்கள் இழக்கவில்லை, இலகுவாகிறீர்கள். உங்களை நினைத்துப் பொறாமைப்படுகிறேன். எனக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லையே!"

இவ்விடத்தில் சேவல் விடாமல் ஏழெட்டு முறை கூவியது. நல்மொழிக் காவலர் பராசா மணியைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். விதிமுறையில் சேவலைப் பற்றி ஒன்றும் இல்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது மணி நான்கரை. நெக்கேசா கைப்பேசியை இறுகப் பிடித்திருந்தாள். இன்னும் அரைமணியில் கல்லூரி அலுவலகம் மூடிவிடும். இவ்வளவு பேசியும் அந்த மனிதர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அப்போது அத்தை, சேவலோடு, விறுவிறுவென்று மேடை ஏறினார்.

"ஐயா, நல்லாப் பேசினீங்க. ஒண்ணுமே புரியல. பெரிய மனுஷங்க அப்படித்தான் பேசணும்." மன்றம் கைதட்டியது. "நான் நெக்கேசாவோட அத்தை. எங்க அண்ணன் மகளுக்குப் பட்டம் குடுக்கறீங்க. வெறுங்கையோட வர முடியுமா? இந்தச் சேவல இங்கயே அறுத்து, கீழ இருக்கற கேன்டீன்ல குழம்பு வச்சு, உகாலிக் களியும் கிண்டித் தந்துட்டுப் போறோம். தொடை, நெஞ்சு, றெக்கை யாருக்கு வேணா குடுங்க. இரைப்பை மட்டும் வீட்டுத் தலைவருக்கு. அது உங்களுக்கே தெரியும். இந்த வீட்டுக்குத் தலைவர் யாரு?"

நம் மேற்குச் சீமையில் இது விளையாட்டில்லை. கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவனுக்கு உரியது. கை மாறினால் குடும்பமே மாறிற்று என்று பொருள். இரைப்பைக்காக அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை அற்றுப்போனதுண்டு.

முகாம்பி புன்னகைத்தார். "அம்மா, இங்க தலைவர்னு யாரும் கிடையாது. குழுவாத்தான் முடிவெடுப்போம்."

"குழுவுக்கு எத்தனை வாய்யா? இரைப்பை ஒண்ணுதான் இருக்கு."

காத்தோனி அம்மையார் முன்வந்தார். "எல்லாருக்கும் சமமாப் பங்கு போட்டுடலாமே, அம்மா. நாங்க சமத்துவத்த நம்பறவங்க."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முக்காலியில் இருந்த பராசாவை நோக்கித் திரும்பினார். "தம்பி, நீ நம்ம பக்கத்து ஆளுதானே? இரைப்பையப் பங்கு போட்ட வீடு உருப்பட்டிருக்கா?"

"இல்ல அத்தை," என்றார் பராசா, தலைகுனிந்து. "எங்க பெரியப்பா வீட்டுல போட்டாங்க. இப்ப அந்த வீடே இல்ல."

"கேட்டீங்களா? சரி, தலைவர் இல்லாத வீடுன்னா நான் என்ன பண்றது. வாசல்ல ஒரு காவக்காரர் நின்னாரு. நல்ல உசரம். அவருக்கே குடுத்துடறேன்."

இங்கே ஒரு உண்மையை நீங்கள் அறிய வேண்டும். முகாம்பியின் மாமியார் வீடு அதே மேற்குச் சீமையின் கக்கமேகாவில். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டில் கோழி அடிப்பார்கள். இரைப்பை மாமனாருக்குப் போகும். மாமனார் இல்லாத ஆண்டில் மூத்த மைத்துனனுக்குப் போயிற்று. அவனும் இல்லாத ஆண்டில், ஆறாம் வகுப்புப் படிக்கும் இளைய மைத்துனனுக்குப் போயிற்று. கோடிகளில் புரளும் கிஜானியின் நிறுவனருக்கு, ஆண்டுதோறும், கழுத்து. அந்தப் புண் ஆறவே இல்லை. இப்போது இரைப்பை காவல்காரரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் முகாம்பி. "நான்தான் தலைவர்."

"நீங்களா? இப்பத்தான் யாரும் இல்லன்னீங்க."

"அது பேச்சு. இது நிஜம். நான்தான் தலைவர்."

"அப்ப இங்க எல்லா முடிவும் நீங்கதான் எடுக்கறீங்களா?"

"எல்லா முடிவும்."

"குழு?"

"குழு நான் சொல்றதுக்குத் தலையாட்டும். யார அனுப்பறதுன்னு சொல்ற மென்பொருளும் நான் சொன்ன பேரத்தான் சொல்லும். ஒரு பென்சில் வாங்கணும்னாலும் நான்தான்." அவருடைய கண்கள் சேவலின் வயிற்றுப் பக்கத்திலேயே இருந்தன.

அத்தை மன நிறைவோடு தலையசைத்தார். "அப்பாடா. வீட்டுக்கு ஒரு தலைவர் இருக்காரு. அப்ப அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க பொண்ணு நேத்து போன்ல அழுதா. திங்கக்கிழமை வரணுமா வேண்டாமான்னு யாரு கேட்டும் சொல்ல மாட்டேங்கறாங்களாம். நீங்க சொல்லுங்க. வரணுமா?"

முகாம்பி காத்தோனியைப் பார்த்தார். காத்தோனி தரையைப் பார்த்தார். நெக்கேசா எழுந்து நின்றிருந்தாள். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததை அவள் சரிசெய்யவில்லை. பதினெட்டுப் பேர் ஜிகினா மாலைகளோடு காத்திருந்தார்கள். தலைவன் என்று சொல்லிக்கொண்டாயிற்று. பதில் தெரியாது என்றால் தலைவன் இல்லை. தலைவன் இல்லையென்றால் இரைப்பை இல்லை.

"வேண்டாம்," என்றார் முகாம்பி.

"ஏன் வேண்டாம்?"

"அவங்களுக்கு வேலை போயிடுச்சு. இங்க உக்காந்திருக்கற எல்லாருக்கும் போயிடுச்சு."

எல்லாரும் பராசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை. பராசா மணியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நாவை இரண்டு விரல்களால் இறுக்கிக்கொண்டு, நேர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அத்தையின் வாயில் பாதியில் நின்ற குலவை அப்படியே கீழே இறங்கியது. கையில் இருந்த மாலையைப் பார்த்தார்; மேடையைப் பார்த்தார்; அங்கி போட்ட பிள்ளைகளைப் பார்த்தார். சேவலை மெல்ல மறுபக்கத்துக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இதுக்கா எங்கள வரச் சொன்னீங்க?"

"அம்மா, அந்த இரைப்பை..."

"ஊருக்குப் போகுது," என்றார் அத்தை. "சேவலோட சேந்து."

பிறகு மேடையிலிருந்தபடியே, சந்தைக் குரலில்: "அடி நெக்கேசா. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கற? அந்தக் காலேஜுக்குப் போனப் போடு."

அவள் போட்டாள். நெடுநேரம் மணியடித்தது. ஐந்துக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் முதல்வரே எடுத்தார். மூச்சு வாங்கியபடி, "ஐயா, நான் நெக்கேசா. அந்த வேலை எனக்கு இருக்கா?" என்றாள்.

"இருக்கு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், முதல் சம்பளம் வரத் தாமதமாகும். கம்ப்யூட்டர் அறைக் கூரை ஒழுகும். பதினாலு கம்ப்யூட்டர்ல ஒம்பது ஓடும். பசங்க வாலுங்க. சம்மதமா?"

அப்போதுதான் நெக்கேசா அழுதாள். துயரத்தால் அல்ல. ஒரு கேள்வி கேட்டு, அந்தக் கேள்விக்கே விடை கிடைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"சம்மதம் ஐயா," என்றாள்.

ஜிகினா மாலைகள் அவள் கழுத்தில் விழுந்தன. இடைவழியில் ஏறி வந்த அந்தப் பயணியும் ஒன்றைப் போட்டார். ஓடுவோர் மட்டும் காத்தோனி அம்மையாரின் பின்னால் ஓடினான். பெயருக்கேற்ப அவன் ஓடியதை அன்றுதான் கண்டோம். "மேடம், நானாத்தான் விண்ணப்பம் போட்டேன். திருப்பி வாங்கிக்கலாமா?" அம்மையார் அவன் தோளைத் தட்டினார். "உங்க ஆர்வம் எங்க எல்லாருக்கும் ஒரு ஊக்கம், ஓடுவோர்." அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைக் கண்டு அத்தைக்கு மனம் கேட்கவில்லை. "வா தம்பி, வண்டில ஒரு இடம் இருக்கு. இந்தச் சேவல கொஞ்சம் பிடிச்சுக்கோ. கொத்தாது, நிறுவனம் இல்ல அது."

வெளியேறும்போது கதவு நாற்பது பேருடைய அட்டைக்கும் சிவப்பு காட்டியது. சேவலின் அட்டை மட்டும் உயிரோடிருந்தது. ஓடுவோர் சேவலைத் தூக்கித் தூக்கிக் காட்ட, கிஜானியின் பட்டதாரிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பதினெட்டுச் சாட்சிகள் முன்னிலையில் 'வேலை போயிடுச்சு' என்று தலைவரே சொல்லிவிட்டபடியால், எவரும் தாமாக விலகினார்கள் என்று கிஜானியால் எழுத முடியவில்லை. மூன்று மாதச் சம்பளம் வந்தது. மறுவாரம் பராசாவுக்குப் பட்டம் வழங்கப்பட்டது. மணி இப்போது அவருடைய உதவியாளர் கையில் இருக்கிறது.

இதுதான் நடந்தது. இனி உங்களிடம் வருகிறேன். சிரித்து முடித்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று எண்ணாதீர்கள்.

உங்கள் மேசைக்கும் ஒரு கடிதம் வரும். அதில் பட்டம் என்றிருக்கும், பயணம் என்றிருக்கும், புதிய விடியல் என்றிருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போங்கள். திங்கட்கிழமை நான் வரவேண்டுமா, வேண்டாமா என்று கேளுங்கள். மணி அடிப்பார்கள், அடித்து முடியட்டும், மறுபடி கேளுங்கள். தண்ணீர் கொடுப்பார்கள், குடித்துவிட்டுக் கேளுங்கள். உங்களுக்குக் கடிதம் வராவிட்டால், வந்தவளோடு போய் அவள் பக்கத்தில் நின்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அத்தையை அழைத்துக்கொண்டு போங்கள், எத்தனை பேர் என்று போடவில்லையென்றால் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மணி அடிப்பதே உங்கள் பிழைப்பு என்றால், அந்த ஒரு நொடியில் அதன் நாவை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலையைப் பறித்தவன் தன் வாயால் பறித்தேன் என்று சொல்லும்வரை, சேவலைக் கக்கத்தை விட்டு இறக்காதீர்கள்.